மிளகாய் பஜ்ஜித் தொங்கட்டான்

ஜூன் 5, வியாழன்

இட்லித் தோடு முடிந்தது. வெள்ளை மணியில் இட்லி, ஓரத்தில் ஒரு சொட்டு பச்சைச் சட்னி. ஊசி மூன்று தடவை விரலில் ஏறியது. ஆபீஸில் மஞ்சு அதைக் காதில் வைத்துப் பார்த்தாள். "இட்லி, லட்டுல்லாம் போதும்க்கா. நகரியில எங்க மாமா பொண்ணு கல்யாணம் வருது. மிளகா பஜ்ஜி தொங்கட்டான் போட்டுக் குடு. வாரா வாரம் துன்னுகினு இருக்கறோமே, அதே மாதிரி."

அதே மாதிரி என்றால் வெங்காயத்தோடு! அலிபிரி ரோட்டு வண்டியில் சிரஞ்சீவி பஜ்ஜியைக் கீறி, வெங்காயம் அடைத்து, எலுமிச்சை பிழிந்து தருவான். வியாழக்கிழமை இவருக்குக் கோயிலில் பிரபந்த கோஷ்டி. எனக்கு பஜ்ஜி. பிறகு சோம்பை மென்று வாயைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பூனை மாதிரி வீட்டுக்கு வருவேன்.

எங்கள் வீட்டில் வெங்காயம் வாசல்படி தாண்டியதில்லை. இவருக்குத் தெரிந்தால்? கத்த மாட்டார். அதுதான் பயம். பேசாமல் என் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். மாமனார் அப்படித்தான் ஒருமுறை தன் தங்கை வீட்டில் வெங்காய வாசனை வந்ததென்று தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார்.

ஜூன் 7, சனி

கடுகு மஞ்சள் மணி, பச்சைக் காம்பு. நன்றாகவே வந்திருக்கிறது. வெங்காயம் வைக்கவில்லை. எதற்கு வம்பு?

இவர் வாக்கிங் போய்விட்டு வந்து, "பசிக்கலை" என்று படுத்துவிட்டார். சனிக்கிழமையானால் இவருக்குப் பசிப்பதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஐயோ.

காலையில் தொங்கட்டானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பஜ்ஜியா? நன்னா பண்ணியிருக்கே. ஆனா நடுவுல வெங்காயம் அடைக்கலையே?"

கேட்டபின் அவரே திகைத்து நின்றார். "போற வழியில பாத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே குளிக்கப் போனார். அரைமணி முன்னால்தான் குளித்திருந்தார்.

பார்த்தது மட்டும்தானா? தோதாத்ரி சுவாமியே, நிஜமாகவா?

ஜூன் 10, செவ்வாய்

சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ரோஸும் வெள்ளையுமாக மணி கோத்து, வெங்காயம் வைத்து, மேஜைமேல் போட்டேன்.

"இவ்ளோ பெருசா நறுக்க மாட்டான். பொடிப் பொடியா இருக்கும். மேல கொத்தமல்லி."

மாட்டான்! யார் நறுக்க மாட்டான்?

இவருடைய ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்தேன். ரெயின்கோட்டுக்கு அடியில் சோம்புப் பாக்கெட். நான் வாங்கும் அதே சோம்பு.

சிரிப்பு வந்தது. அப்புறம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் நான் மட்டும்தான் பாவி என்று பெருமாள் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேனே!

ஜூன் 11, புதன்

மணியைப் பிரித்து, பொடியாக வைத்துக் கோத்தேன். மனுஷர் சொன்னது சரிதான்.

ஜூன் 14, சனி

"நானும் வாக்கிங் வரேன்" என்றேன். இவர் முகம் செத்துவிட்டது. மஞ்சுவுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை என்று, தொங்கட்டானை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வண்டியைத் தாண்டி வேகமாக நடந்தார். நான் நின்றேன். வேறு வழியில்லாமல் திரும்பி வந்தார். சிரஞ்சீவி எங்களைப் பார்த்ததும் கேட்காமலே இரண்டு தட்டு எடுத்தான்.

"மேடத்துக்கு எலுமிச்சை தூக்கல், சாமிக்கு வெங்காயம் தூக்கல். அந்தே கதா, அதானே?" தட்டை நீட்டியவன் கை அப்படியே நின்றது. "ரெண்டு பேரும் ஒரே வீடா சாமி? இத்தினி நாளா தெரியாம பூட்ச்சே!"

இரண்டு பேரும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

"எத்தனை வருஷமா?" என்றார், மலையிடம்.

"பதினொண்ணு. நீங்கோ?"

"ஒம்பது."

"அப்போ நான்தான் சீனியர்."

அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயம் போன சந்தோஷம்தான். தன் தட்டிலிருந்து கொஞ்சம் வெங்காயத்தை என் பஜ்ஜிமேல் தள்ளினார்.

திரும்பும் வழியில் கடையில் இரண்டு சோம்புப் பாக்கெட் எடுத்தார். ஒன்றை வாங்கித் திருப்பி வைத்தேன்.

"ஏன்னா, ஒண்ணே போறும்."