அப்பா தொட மறுத்த வேலை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், அவருக்கு அந்த இருமல் விட்டதா, விடவில்லை என்றால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக்கொண்டே இருக்காமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. போனில் நீ, அப்பா ஏன் பகலில் வீட்டில் இருக்கிறார் என்று கேட்டாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டறையில் இத்தனை வருஷமாகத் தண்ணீர் பம்புக்குத்தானே அப்பா லேத்தில் உதிரிபாகம் கடைந்துகொண்டிருந்தார். எல்லையில் சண்டை ஆரம்பித்த பிறகு முதலாளி பீரங்கிக் குண்டுக்கு வெளிக்கூடு செய்கிற வேலையை எடுத்தார். அப்பா அந்த இரும்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்திருக்கிறார். என் பையனே அங்க பட்டாளத்துலதான் இருக்கான், ஆனாலும் இது எனக்கு முடியாதுங்க, பகைவனை நேசின்னு சொன்னவரைக் கும்பிட்டுட்டு வந்து இதை எப்படிக் கடைவேன் என்று சொன்னாராம். முதலாளி கோபப்படவில்லை, பம்பு வேலை வரும்போது கூப்பிடுறேன், அதுவரைக்கும் வீட்டுல இருங்கண்ணே என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து இவர் வீட்டில் ஒரு பொருளைச் சும்மா விடுவதில்லை. எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டாயிற்று, யார் உள்ளே வருகிறார்கள் போகிறார்கள் என்றே இப்போது தெரிவதில்லை. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பிரித்தார், அது இன்னும் பிரிந்தபடியே கிடக்கிறது.

எனக்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லையடி. அவர் சொல்வது சரி என்றுதான் முதலில் பட்டது. பிறகு உன் தம்பியை நினைத்துக்கொள்கிறேன், அவன் கையில் ஒன்றும் இல்லாமல் அங்கே நின்றால் என்ன ஆவான். காலையில் முழங்காலில் நின்று அவனைக் காப்பாற்றும் என்று ஆரம்பிக்கிறேன், அவன் பிழைக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி பிள்ளை சாக வேண்டுமே, அதையா கேட்கிறேன் என்று தோன்றியதும் பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். போதகரிடம் போய்க் கேட்டேன். இயேசு ரோமப் படையின் நூற்றுவர் தலைவன் ஒருவனுடைய விசுவாசத்தை மெச்சினார், வேலையை விட்டுவிடு என்று அவனிடம் சொல்லவில்லை என்றார். மனசு லேசாகி வாசல்வரை வந்துவிட்டேன், அம்மா நில்லுங்க என்று கூப்பிட்டு, பேதுருவிடம் வாளை உறையில் போடச் சொன்னதும் அதே இயேசுதான், ரெண்டையும் வச்சுக்கிட்டு நானே முழிச்சிட்டிருக்கேன்மா என்றார். நான் தெருவைத் தாண்டும்வரை அவர் பொறுத்திருக்கக் கூடாதா.

போன வாரம் தம்பி லீவில் வந்தான். இளைத்திருக்கிறான், நல்ல தூக்கம் இல்லை. அப்பா வேலைக்குப் போகாத விஷயத்தை அவரே அவனுக்குப் போனில் சொல்லியிருந்தார், அதனால் வந்ததிலிருந்து இரண்டு பேரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா ஜெபம் பண்ணினார், பகைவருடைய பிள்ளைகளையும் காத்துக்கொள்ளும் என்றார். தம்பி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். குரலை உயர்த்தவே இல்லை. எங்க பீரங்கிக்குக் குண்டு வந்து சேராம ஒரு நாள் முழுக்கப் பள்ளத்துல படுத்துக் கிடந்தோம்பா, கூட இருந்தவன் எழுந்திரிக்கவே இல்ல என்றான். நீங்க தொட மாட்டேன்னு சொன்னதைத்தான் நான் தினமும் தொடுறேன், அப்ப நான் யாருப்பா என்று கேட்டான். அப்பா தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினார். என் கைக்குத்தான்டா நான் பதில் சொல்ல முடியும், உன்னைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே என்றார். சொல்லாம இருக்கீங்களே, அதுதான்பா தாங்க முடியல என்றான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன், இரண்டு பேரும் சரியாகத்தான் பேசுகிற மாதிரி இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் கேட்காமலே தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். தலையைக் குனிந்துகொண்டு அதைச் சாப்பிட்டான்.

அவன் கிளம்புகிற அன்று அப்பாதான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தார். எப்போதும் அவர் எல்லார் முன்னாலும் சத்தமாக ஜெபிப்பார், இவன் கூச்சத்தில் நெளிவான், உனக்குத்தான் தெரியுமே. இந்தத் தடவை அவனாகவே தொப்பியைக் கழற்றிவிட்டு அப்பா முன்னால் வந்து தலையைக் குனிந்தான். அவர் அவன் தலையில் கையை வைத்தார். உதடு அசைந்தது, சத்தமே வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார், ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள், அப்பா கையை எடுக்கவே இல்லை. கடைசியில் தம்பியே ஆமென் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான். வீட்டுக்குத் திரும்பும் வழியில், என்னதான் ஜெபிச்சீங்க என்று கேட்டேன். ஜெயிக்கட்டும்னு சொல்ல வாய் வரல, சண்டை வேண்டாம்னு சொன்னா அவனைக் குத்திக் காட்டுற மாதிரி இருக்கும், அவன் பேரை மட்டும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன் என்றார்.

அவர் இன்னும் பட்டறைக்குப் போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீ பேசும்போது அப்பாவிடம் இதைக் கேட்காதே, தம்பியிடமும் அப்பாவுக்காகப் பரிந்து பேசாதே. உனக்கு ஏதாவது தெளிவாகத் தெரிந்தால் எனக்கு மட்டும் எழுது. தெரியாவிட்டாலும் எழுது. குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வதிப்பாராக, ஒரு குறையும் இல்லாமல் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். தம்பிக்காக ஜெபம் பண்ணு. என்ன சொல்லி ஜெபிப்பது என்று என்னைக் கேட்காதே, அவன் பேரைச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா