பச்சைப் பாட்டில்

ரெட்டியார்பாளையம்
11.8.2025

ஜோவிதா அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் நம்பரை பிளாக் செய்தது செய்ததுதான். அதனால்தான் காரைக்காலுக்குக் கடிதம். நான் உங்களை வீட்டைவிட்டு வெளியே அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் குடிப்பதில்லை என்று உங்கள் அண்ணி சொன்னார். நம்பிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். மொட்டைமாடியில் நீங்கள் குவித்துவிட்டுப் போன காலி பாட்டில்களைப் பார்த்து வயிறெரிந்தது போதும் என்று, இங்கே பக்கத்து மேட்டுப்பாளையத்தில் கண்ணாடி நகை செய்யக் கற்றுக்கொண்டேன். பழைய கரண்ட் சூளை ஒன்றும் வாங்கியாயிற்று. உடைத்த துண்டுகளை அடுக்கி வைத்தால் உருகி ஒட்டி, மூலையெல்லாம் மழுங்கி, ஆறியதும் ஒரு பச்சை வரும் பாருங்கள், அடேயப்பா! முதல் தோடு வந்த அன்று நானும் ஜோவிதாவும் குதித்த குதியில் கீழ்வீட்டு சுமலதா பதறி ஓடிவந்தாள்.

மாதா திருவிழாவுக்குப் பாடகர் குழுப் பெண்கள் அத்தனை பேரும் பச்சைப் பதக்கம் கேட்டிருக்கிறார்கள். என் முதல் ஆர்டர்! ஆனால் பச்சை தீர்ந்துவிட்டது. வேறொரு பாட்டிலின் பச்சையைக் கலந்தேன். ஆறும்போது எல்லாம் விரிசல் விட்டுவிட்டது. ஒரே மாதிரி பாட்டிலாக இருக்க வேண்டுமாம். நானோ லேபிளையெல்லாம் உரித்துப்போட்டேன். அது என்ன பிராண்ட்? அதை மட்டும் எழுதுங்கள், போதும்.

மெரின்

*

காரைக்கால்
15.8.2025

அன்புள்ள மெரினுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கை நடுங்கியது. நடுக்கத்துக்கு வேறு காரணம் கிடையாது, நம்பு.

பெயரை எழுதினால் நீ கடை கடையாக அலைவாய். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நானே வாங்கி அனுப்புகிறேன். காலி பாட்டில்தான்!

ஜோவிதாவுக்குத் தோடு எப்படி இருக்கிறது?

சகாயநாதன்

*

ரெட்டியார்பாளையம்
18.8.2025

ஜோவிதா அப்பாவுக்கு,

வேண்டவே வேண்டாம். நீங்கள் அந்த மாதிரிக் கடை வாசலில் நிற்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆர்டர் போனால் போகட்டும்.

தோடு அவளுக்கு அவ்வளவு அழகு.

மெரின்

*

ரெட்டியார்பாளையம் தெருமுனை, மூட்டையோடு
22.8.2025

அன்புள்ள மெரினுக்கு,

உன் பேச்சைக் கேட்கவில்லை. காரைக்காலிலும் இந்தப் பாட்டில் கிடைக்கும்தான். ஆனால் நம் தெருமுனைக் கடைக்கே போய்க் குடிக்காமல் திரும்ப முடிகிறதா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

கடைக்காரன் செல்வகுமார், "இன்னாண்ணா, ஆளையே காணோம்? வழக்கமானதுதானே?" என்றான்.

"காலி பாட்டில் குடு. பச்சை மட்டும்."

"முழுசா வாங்கிக் குடிச்சாத்தாண்ணா காலியாவும்!"

அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். கடைக்குப் பின்னால் கிடந்த காலி பாட்டில்களில் பச்சையை மட்டும் பொறுக்கிக்கொள்ள விட்டான். மெரின், மூட்டையோடு வெளியே வந்தபோது ரோட்டில் நின்று கத்தலாம் போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம்! எல்லாவற்றையும் கழுவி ஆட்டோ சிலம்பரசனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ வரச் சொல்லவில்லை, அதனால் வீட்டுக்கு வரவில்லை.

சகாயநாதன்

*

ரெட்டியார்பாளையம்
23.8.2025

அன்புள்ள ஜோவிதா அப்பாவுக்கு,

தெருமுனை வரை வந்துவிட்டு வாசலை மிதிக்காமல் போன மனிதரை என்னவென்று திட்டுவது!

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை. ஒன்றில் மட்டும் லேபிளை உரிக்காமல் விட்டிருக்கிறீர்கள், நான் கேட்டேன் என்பதற்காக. அதை ஜோவிதா சத்தமாகப் படித்தாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு நான் அழுதேன்.

துண்டுகளை அடுக்கிவிட்டேன். சுவிட்சை நீங்கள்தான் வந்து போட வேண்டும். அதன் பிறகு ஒரு நாள் முழுக்க, ஆறும் வரை, சூளையைத் திறக்கவே கூடாது. பதக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டில் தங்கித்தான் ஆக வேண்டும்.

பஸ் ஏறியதும் போன் செய்யுங்கள். பிளாக்கை எடுத்துவிட்டேன்.

உங்கள்
மெரின்