ஆயில் விளக்கு சிவப்பாகத்தான் எரிந்தது

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்ற நினைப்போடு எழுத உட்கார்ந்தேன். அறுவை செய்த அம்மாவின் இடது கண் நன்றாகத் தெளிந்துவிட்டது, சொட்டு மருந்து இன்னும் பத்து நாள்தான். அலமாரி மேலிருக்கும் தூசியெல்லாம் இப்போது அவளுக்குத் தெரிகிறது, அதனால் எனக்கு வேலை கூடியிருக்கிறது. போன வாரம் உன் தம்பி வந்து, நீ சொன்னபடி, காரை விற்பதற்கான படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். நான் கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறான். அந்தப் படிவத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால், நீ இடையில் ஒன்று கேட்டதும் சொல்ல வந்தது மறந்துபோய் "சரிம்மா" என்று வைத்துவிடுவேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். இது மூன்றாவது பிரதி. முதல் இரண்டில் கோபம் அதிகமாக இருந்ததால் கிழித்துவிட்டேன். இதிலும் இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ பார்த்த வீடியோ ஒன்பது நொடி. பாலத்தின் நடுவில் ஒரு கார் நிற்கிறது, பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது, உள்ளே ஒரு கிழவர் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கிழவர் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது நொடிக்கு முன்னால் நடந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கு அம்மாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். பாலத்து மேட்டில் வண்டிகள் ஊர்ந்தன. பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்தபோது ஆயில் விளக்கு ஒருமுறை மினுங்கியது, அடுத்த முறை மிதித்தபோது அணையாமல் நின்று எரிந்தது, சிவப்பு. வண்டியோடு வந்த கையேட்டில் நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது. மஞ்சள் எரிந்தால் ஓட்டிப்போய் ஆயில் அளவைப் பார்க்கலாம், சிவப்பு எரிந்தால் உடனே நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும். நான் நிறுத்தினேன், அணைத்தேன், நான்கு பக்க விளக்கையும் மினுங்கவிட்டேன். எதையும் இரண்டு முறை யோசிக்கும் நான் அன்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை. நிறுத்திய பிறகுதான் வழக்கமான சந்தேகம் வந்தது, மஞ்சளையும் சிவப்பையும் மாற்றி நினைத்துக்கொண்டேனோ என்று. அதனால் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். அம்மா, "இது படிக்கிற நேரமாங்க? பின்னால கொஞ்சம் திரும்பிப் பாருங்க" என்று என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன பெருசு, நாளைக்குப் பரீட்சையா?" என்று கேட்டுவிட்டு, கைபேசியை உயர்த்திப் பிடித்தார். அதுதான் நீ பார்த்தது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கம்பெனி பட்டறைக்குப் போனோம். அங்கே டை கட்டிய ஒருவர் இருக்கிறார், வண்டியை வாங்கிக்கொண்டு சீட்டு எழுதுபவர். அவர் பானெட்டைத் திறந்தார், அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார், மூடினார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "ஆயில் ஃபுல்லா இருக்கு சார். லைட்டு சும்மா மினுக்கும். வயசானவங்க கொஞ்சம் பதட்டப்படுவாங்க, சகஜம்தான்" என்றார். தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தாலும் குழாய் அடைத்திருந்தால் பைப்பில் வராதே, அந்த விளக்கு அளவைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தைத்தானே பார்க்கிறது என்று நான் கேட்டேன். கேட்டேன் என்று எழுதுகிறேன், உண்மையில் பாதி வாக்கியம்தான் வெளியே வந்தது. அதற்குள் அவர், "வீட்ல பசங்க யாராவது இருக்காங்களா சார்?" என்று கேட்டு, உன் தம்பியின் எண்ணை வாங்கி, என் எதிரிலேயே நின்று என்னைப் பற்றி அவனிடம் பேசினார். நோயாளியை உட்காரவைத்துவிட்டுக் கூட வந்தவரிடம் டாக்டர் பேசுவாரே, அதுபோல. சீட்டில் எழுதியது இது: பழுது இல்லை, ஓட்டுநர் பதற்றத்தில் நிறுத்தியுள்ளார். உன் தம்பி வந்து வண்டியை எடுத்து வீடுவரை ஓட்டினான். வாசலில் திருப்பும்போது மறுபடி அந்த விளக்கு எரிந்தது. அவன் அதை விரல் நகத்தால் இரண்டு தட்டு தட்டி, "ஒண்ணுமில்லப்பா, லூஸ் கனெக்‌ஷன்" என்றான். பொறியியல் படித்தவன். அன்று சாயங்காலமே உன் செய்தி வந்துவிட்டது: "அப்பா, நீங்க ஓட்டினது போதும்."

இரண்டு நாள் நான் உன்னை நம்பினேன், என்னை நம்பவில்லை. முப்பத்திரண்டு வருடம் வானிலை நிலையத்தில் மழைமானியையும் வெப்பமானியையும் கண் மட்டத்துக்குக் குனிந்து படித்துப் பதிவு செய்தவன், இப்போது ஒரு விளக்கின் நிறம்கூடத் தெரியாதவனாகிவிட்டேனா என்று நினைத்தேன். அம்மாவின் கண் டாக்டரிடமே போய், என் கண்ணையும் பாருங்கள், குறிப்பாக நிறம் என்று கேட்டுக்கொண்டேன். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டினார், எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். வண்டியின் அளவுக் குச்சியைத் துடைத்துத் துடைத்துப் பத்து முறை உருவிப் பார்த்தேன், முந்தைய அளவை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு எழுதினேன், பத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. கண்ணிலும் கையிலும் கோளாறு இல்லை என்றான பிறகுதான் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மூன்று சிலிண்டர், ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றெட்டு சிசி, சின்ன இன்ஜின்தான், ஆனால் அதில் ஒரு தனி ஏற்பாடு. வால்வுகளை ஓட்டும் ரப்பர் பெல்ட் மற்ற வண்டிகளைப்போல வெளியே காய்ந்து கிடக்காது, இன்ஜினுக்குள் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. பத்து வருடம் அல்லது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்று அச்சடித்திருக்கிறார்கள். நம் வண்டி ஓடியிருப்பது அறுபத்தோராயிரம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ஐந்து டபிள்யூ இருபது என்ற கெட்டித்தன்மையில், அதிலும் குறிப்பிட்ட தர எண் உள்ள ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும், வேறு ஊற்றினால் பெல்ட் ரப்பர் ஊறிக் கெடும் என்று இருக்கிறது. கடைசி இரண்டு சர்வீஸ் ரசீதுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் வேறு ஆயில்.

இப்போது எழுதப்போவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அதை நான் அன்றைக்கே பார்த்திருந்தேன். முதல் ரசீதைக் கையில் வாங்கிய உடனே, எண் மாறியிருக்கிறதே என்று அந்த டைக்காரரிடம் கேட்டேன். "புத்தகத்துல ஆயிரம் போட்டிருப்பாங்க சார், எங்களுக்குத் தெரியாதா? பேரல்ல இருந்துதான் எல்லா வண்டிக்கும் ஊத்துறோம், யாரும் கேட்டதில்ல" என்றார். யாரும் கேட்டதில்லை என்றதும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. சரிங்க என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருடம் கேட்கக்கூட இல்லை. அந்தக் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர்மேல் வருகிற ஆத்திரத்தில் பாதி என்மேலும் வருகிறது.

பழைய தபால் நிலையத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருப்பவரை எல்லோரும் இரட்டைக் கண்ணாடி என்பார்கள், ஒன்று கண்ணில், ஒன்று நெற்றியில். மெல்லிய வேலைக்கு ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றுவார். வண்டியைத் திரும்பவும் கட்டி இழுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அம்மாவும் வந்தாள், நான் யாரிடமாவது ஏமாந்துவிடுவேன் என்று. அவர் விளக்கின் சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு அழுத்தமானியை மாட்டினார். சூடான பிறகு வண்டி நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது மானியின் முள் ஒன்று என்ற கோட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது, அரைக்கும் கீழே கிடந்தது. உடனே அணைத்துவிட்டார். அடித் தொட்டியைக் கழற்றி, ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயிலிருக்கும் வலையை எடுத்துக் காட்டினார். பெல்ட்டின் ரப்பர் கறுப்புத் துகளாக உதிர்ந்து வலையை அப்பிக்கொண்டிருந்தது. அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "டீ வடிகட்டி இப்படி இருந்தா நான் எப்பவோ தூக்கிப் போட்டிருப்பேன்" என்றாள். இரட்டைக் கண்ணாடி, "பாலத்து மேல யாரு நிறுத்துனது?" என்று கேட்டார். நான் தயங்கி, நான்தான் என்றேன், இன்னும் அது ஒரு குற்றம் மாதிரியே இருந்தது. "இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா இன்ஜின் இறுகியிருக்கும்யா. எறக்கத்துல இறுகுனா ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடும், பிரேக்கும் ஒண்ணு ரெண்டு மிதிதான். முன்னால பஸ் வேற இருந்திருக்கும். எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேரு லைட்டு மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டு ஓட்டுறாங்க" என்றார்.  

மறுநாள் அந்த வலையை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு கம்பெனி பட்டறைக்குத் தனியாகப் போனேன். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒப்பித்துக்கொண்டே போனேன். புது பெல்ட்டும் ஆயில் பம்பும் அவர்கள் பொறுப்பு என்று மேலாளர் பாட்டிலைப் பார்த்த உடனே ஒத்துக்கொண்டார், அதில் சண்டையே இல்லை, அத்தனை சீக்கிரம் ஒத்துக்கொண்டதைப் பார்த்தால் இந்தத் துகளை அவர் பார்ப்பது இது முதல் முறை இல்லை என்று தோன்றியது. ஓட்டுநர் பதற்றம் என்ற வரியை மாற்றச் சொன்னபோதுதான் டைக்காரர், "அது சிஸ்டத்துல ஏறிடுச்சு சார், மாத்த முடியாது. அதான் எல்லாம் செஞ்சு தர்றோமே, அந்த வரியில என்ன இருக்கு?" என்று கேட்டார்.  எங்கள் நிலையத்தில் தவறான பதிவை அழிக்க மாட்டோம், படிக்கும்படி ஒரே கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதி முதலெழுத்து இடுவோம், நீங்களும் கீழே ஒரு வரி சேருங்கள் என்றேன். சேர்த்தார். அச்சிட்டுக் கொடுத்ததைப் பார்த்தால், தவறான ஆயிலால் வலை அடைத்திருந்ததாக வாடிக்கையாளர் கூறுகிறார் என்று இருந்தது. நான் கூறவில்லை, மானி கூறுகிறது என்று திருப்பிக் கொடுத்தேன். நான்கு முறை திருப்பிக் கொடுத்தேன். பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள், எல்லோரும் என்னை முறைத்தார்கள், நான் நகரவில்லை. ஐந்தாவது தாளில் ஓட்டுநர் சரியாக நிறுத்தினார் என்று வந்தது. அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அந்த டைக்காரர் அன்னியர், அவருக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ வீடியோவைப் பார்த்தாய், தம்பியிடம் கேட்டாய், மாப்பிள்ளையிடம் கேட்டாய், பழைய கார் வாங்கி விற்பவர் ஒருவரிடம்கூட விசாரித்தாய். ஏம்பா நிறுத்தினீங்க என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்திலேயே பெரியது இதுதான், இதை எழுதத்தான் மூன்று பிரதி ஆயிற்று. உன் அக்கறை எனக்குப் புரிகிறது, அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு ஒன்பது நொடியைத்தான் பார்க்க முடியும் என்பதும் புரிகிறது. நான் ஓட்டக்கூடாத நாள் ஒன்று வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டுகிறேன், பிரேக்கை மிதிக்கும் காலின் வேகத்தையும் சோதித்து எழுதிவைக்கிறேன். அளவு குறைந்த அன்றைக்கு நானே உனக்கு எழுதுவேன், சாவியையும் நானே தம்பி கையில் கொடுப்பேன், நீ கேட்கவே வேண்டியிருக்காது. அந்த நாள் இன்னும் வரவில்லை. ஆகையால் படிவத்தைக் கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன், பெருக்கல் குறிகளை மட்டும் ரப்பரால் அழித்துவிட்டேன்.

புது பெல்ட் மாட்டி நேற்று வண்டி வந்தது. அம்மா ஏறி உட்கார்ந்து மருத்துவமனைக்கு வந்தாள். பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னதே தான்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், உன்னிடமும் சொல்வாள், நீ ஆமாம் என்று கேட்டுக்கொள். நீங்கள் மூவரும் நல்ல உடம்போடும் நிறைந்த மனதோடும் நீண்ட நாள் வாழ வேண்டும், குட்டியின் தலையில் என் கையை வைத்ததாக நீயே ஒருமுறை வைத்துவிடு. உன் வண்டிக்கு அடுத்த முறை ஆயில் மாற்றும்போது டப்பாவைத் திருப்பி அதிலிருக்கும் தர எண்ணைப் பார், யாரும் கேட்டதில்லை என்று சொன்னாலும் நீ கேள்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அப்பா