செல்வியின் கல்யாண டிவிடி

தை 9, வெள்ளி

டிவிடியைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, படம் வரவில்லை என்று கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மகள் செல்வி வந்து திருப்பிப் போட்டாள்.

"மிஷினு இன்னாப்பா பண்ணும்? நீ போட்ட லட்சணம் அப்படி" என்று சிரித்தாள். வெள்ளிமலையில் இருக்கும் புருஷன் வீட்டிலிருந்து பையோடு வந்த பிறகு அவள் சிரித்தது இன்றுதான்.

அது அவளுடைய கல்யாணப் படம். கீறல் விழ ஆரம்பித்துவிட்டது. அதனால் ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து வைக்க உட்கார்ந்தேன். சுருக்கி எடுக்கவா, தரம் குறையாமல் அப்படியே எடுக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அப்படியே என்று அமுக்கினேன்.

"எதுக்குப்பா அவ்ளோ பெருசா? கம்மியா போடு. யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேம்மா. அதுல எனக்குத் தல நெறைய முடி இருக்குது."

அவள் சிரிக்கவில்லை. காப்பி முடிந்ததும் சரியாக வந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன். துளி மங்கல் இல்லை. மாப்பிள்ளை தாலி எடுக்கும் இடம் வந்தது. செல்வி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சாப்பிடும்போது, "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேம்பா" என்றாள்.

"இரும்மா. இது உன் வூடு" என்றேன்.

மாப்பிள்ளை இதுவரை ஒரு போன் பண்ணவில்லை. அவர் போகச் சொன்னாரா, நீயாகக் கிளம்பி வந்துவிட்டாயா என்று மட்டும் அவளிடம் நான் கேட்கவில்லை.