ஜோனிட்டாவின் வெறும் பொட்டலங்கள்

12 ஏப்ரல் 2025, சனி

காலைச் சந்தைக்குப் போன இடத்தில், எங்கள் தங்கா பத்து பாசாரில், பக்கத்து வீட்டு பவானேஸ்வரி என்னைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், ஒங்க மக கே.எல்.ல கிருமி வளக்கிறாங்களாமே? வீட்டுக்கு வந்தா கிட்ட போகலாமா?"

முப்பத்தோரு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்த வாய் சும்மா இருக்குமா? கையிலிருந்த நாசி லெமாக் பொட்டலத்தை, வாழையிலையில் மடித்த தேங்காய்ப்பால் சோற்றை, தூக்கிக் காட்டினேன். கிருமி என்பது இப்படி ஒரு பொட்டலம். உள்ளே இருக்கும் நோயைக் கொட்டிவிட்டு நல்ல மரபணுவை வைத்துக் கட்டினால், அது உடம்புக்குள் போய்ச் சரியான இடத்தில் இறக்கிவைக்கும். பிறவியிலேயே பார்வை மங்கும் பிள்ளைகளின் கண்ணுக்காக என் மகள் ஜோனிட்டா கோலாலம்பூரில் பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறாள்.

"அப்ப நாசி லெமாக் கட்டுறாங்கன்னு சொல்லுங்க லா."

ஜோனிட்டாவின் பல்கலைக்கழகம்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

20 ஏப்ரல், ஈஸ்டர்

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜோனிட்டா விஷயத்தைச் சொன்னாள். எட்டு மாதமாகப் பொட்டலங்கள் வெறுமையாகவே வருகின்றன. கிருமியின் ஓடு இருக்கிறது, உள்ளே மரபணு இல்லை. "நூத்துல மூணுகூட தேறலம்மா." ஜூன் முப்பதாம் தேதி, ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் குழுவின் முன் நிறைந்த பொட்டலத்தைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். அவளுடைய வேலையும் அதோடு சரி.

என் வீட்டுக்காரர் இவர், இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. "எட்டு மாசமா வெறும் இலையவா மடிச்ச?"

சிரித்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய், ஏற்கெனவே கழுவிய தட்டுகளை இன்னொரு முறை கழுவினாள்.

24 ஏப்ரல்

யாரிடமும் சொல்லாமல் டவுனுக்குப் போனேன். அங்கே ஒரு தனியார் கல்லூரியை நடத்தும் நாகமுத்து என் பழைய மாணவன். ஜோனிட்டாவுக்கு ஒரு விரிவுரையாளர் வேலை கிடைக்குமா என்று கேட்டேன். "டாக்டர் பட்டமா டீச்சர்? ஜூலைல ஒரு எடம் இருக்கு."

அக்கறையில்தான் கேட்டேன். — சரி, இது என் நோட்டுப் புத்தகம், இங்கே எதற்கு நடிப்பு? மகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற ஆசையில் கேட்டேன்.

3 மே

போனில் முக்கால் மணி நேரம் பேசினாள். பொட்டலம் உருவாகும் செல்களை மாற்றிப் பார்த்தாளாம், ஊட்டத் திரவத்தை மாற்றினாளாம், சூட்டைக் குறைத்தாளாம். ஒன்றும் நடக்கவில்லை. கோபமெல்லாம் ஆய்வுக்கூட உதவியாளர் திருச்செல்வத்தின் மேல்.

"டிஎன்ஏவோட முனைய வெட்டிப் பாத்தீங்களான்னு கேக்குறாரும்மா! அது பி.எச்.டி. படிக்கிறப்ப என் கையால செஞ்சது. மத்தவங்க குடுத்தத சந்தேகப்படலாம், அதப் போயா?"

நானும் அவள் பக்கமே பேசினேன். அவருக்கு என்ன தெரியும் என்றுகூடச் சொன்னேன்.

18 மே

போன் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு பூனைப் படம் மட்டும். பேச ஒன்றும் இல்லாதபோதுதான் பூனை வரும்.

7 ஜூன், சனி

சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எதையும் தொடாமல், சொல்லி முடித்தாள்.

அந்த டிஎன்ஏவின் இரண்டு முனைகளிலும் ஒரு மடிப்பு உண்டாம். அதைப் பார்த்துத்தான் ஓடு, 'இதை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று அறிந்துகொள்கிறது. டிஎன்ஏவைப் பாக்டீரியாவில் வளர்த்துப் பெருக்குவார்கள். திரும்பத் திரும்ப வளர்த்தால் சில சமயம் மடிப்பு தேய்ந்து போகுமாம். எழுத்து எழுத்தாகப் படிக்கும் கருவி அந்த மடிப்பில் தடுமாறும்; அதனால் பலர் நடுவை மட்டும் படித்துவிட்டு முனைகளை விட்டுவிடுவார்கள். ஜோனிட்டா நடுவைப் பத்து முறை படித்திருக்கிறாள். ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. மடிப்பு இருந்தால் மட்டும் வெட்டும் நொதியைப் போட்டு வெட்டிப் பார்ப்பது ஒரு மதிய வேலை. நேற்றுத்தான் செய்தாள். ஒரு முனையில் மடிப்பே இல்லை.

"அந்தக் குழாய் மேல நானே ஸ்டார் போட்டு வச்சிருந்தேம்மா."

நட்சத்திரம் போடும் பழக்கம் என்னிடமிருந்து போனது. பரம்பரைக் குற்றம்.

புதிதாகச் செய்து நிறைக்கப் பத்து வாரம் வேண்டும். கையில் மூன்று வாரம். "வெளிய வாங்கின செல்லு சரியில்லன்னு எழுதினா யாரும் தோண்டிக் கேக்கமாட்டாங்க," என்றாள், மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டே.

இவர், "எழுதேன். சுங்கை ரம்பாய் ரோட்டுல லாரி கவுந்தப்ப டயர் வெடிச்சிருச்சுன்னுதான் மொதலாளிகிட்ட சொன்னேன். தூங்கிட்டேன்னு சொல்லல," என்றார். பிறகு, "இன்னைக்கும் அந்த ரோட்ட விட்டுட்டு சுத்திக்கிட்டுத்தான் போறேன்," என்றார். முப்பத்தெட்டு வருட இல்வாழ்க்கையில் எனக்கே இது புதுச் செய்தி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் வாயைத் திறந்தேன். "கவலப்படாத, டவுன்ல ஒரு வேல பாத்து வச்சிருக்கேன்."

"எப்ப பாத்தீங்க?"

"ஏப்ரல்ல."

"அப்பவே நான் தோத்துருவேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

8 ஜூன்

முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஏன் சொன்னேன்? இத்தனை பிள்ளைகளுக்கு 'முயற்சி செய், முயற்சி செய்'னு கரும்பலகையில எழுதிப் போட்டவ — சொந்தப் பிள்ளைக்கு மட்டும் பரீட்சைக்கு முன்னாடியே மார்க் போட்டுட்டேனே. எனக்கென்ன அவ்வளவு அவசரம்?

30 ஜூன், திங்கள்

மாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டாள். உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டாளாம். வெட்டிப் பார்த்த படத்தைத் திரையில் போட்டு, "தவறு என்னுடையது. திருச்செல்வம் மே மாதமே கேட்டார், நான் காது கொடுக்கவில்லை," என்றாளாம். குழுவில் மூத்த அம்மா ஒருவர், "இங்க எத்தன பேரு ஒவ்வொரு தடவையும் முனையப் பாக்குறீங்க?" என்று மற்றவர்களைக் கேட்க, மூன்று பேராசிரியர்களுக்குத் திடீரென்று தண்ணீர் குடிக்கத் தோன்றியதாம்.

முடிவு இரண்டு வாரத்தில்.

15 ஜூலை

நான்கு மாதம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நிபந்தனை: இனி எந்த டிஎன்ஏவை வளர்ப்பதானாலும் முதலில் திருச்செல்வம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"இனிமே ஒனக்கு எட்மாஸ்டர் அவருதான்," என்று இவர் போனைப் பிடுங்கிச் சொன்னார்.

போன் வைத்ததும் நாகமுத்துவை அழைத்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். "நல்லதாப் போச்சு டீச்சர்," என்றான், மரியாதையாக.

26 அக்டோபர், ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தால் போனில் ஒரு படம். மின் நுண்ணோக்கியில் எடுத்தது. சாம்பல் நிறத்தில் குட்டி குட்டி வட்டங்கள். முழு வெள்ளையாக இருந்தால் நிறைந்தது. நடுவில் கறுத்திருந்தால் வெறுமை.

"ம்மா, இதுல அம்பது இருக்கு. எத்தன நெறஞ்சிருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. என் கணக்க இப்ப சொல்லமாட்டேன். என் கண்ண மட்டும் நம்புறதா இல்ல."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினேன். முப்பத்தெட்டு. இவர் பிடுங்கி எண்ணி நாற்பத்தொன்று என்றார். அனுப்பினேன். பதில் வந்தது: திருச்செல்வம் அண்ணன் முப்பத்தொன்பது, அவள் நாற்பது.

இடது மூலையில் இருக்கும் அந்த மூன்றும் நிறைந்தவையா வெறுமையா என்று, குழம்பு ஆறும்வரை நானும் இவரும் சண்டை போட்டோம்.