இடது கையின் மூன்று விரல்கள்

நேற்று அரக்கோணம் சாலையில் ஸ்வெட்டர் விற்பவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மார்கழிக்கும் வடக்கிலிருந்து வருகிற அதே மலைக் குடும்பம்தான். தார்ப்பாயின் மேல் பிள்ளைகளின் குல்லாய்கள், மஃப்ளர்கள், ஓரத்தில் ஒரு குவியல் கம்பளிக் கையுறைகள். பாச்சை உருண்டை வாசனை. மார்கழியிலும் பகலில் வேர்க்கிற ஊர் இது, கையுறையை யாரும் தொடுவதில்லை. நான் ஒன்றை எடுத்து இடது கையில் மாட்டிப் பார்த்தேன். கடைக்காரப் பெண் முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினாள். கையுறைக்கு எதற்குக் கண்ணாடி என்று நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய். நான் கழற்றி வைத்துவிட்டு நடந்தேன்.

ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து முடித்ததும் நான் பத்திரிகைக்குச் செய்தி எழுதப் போனேன். நீ உன் மாமாவின் கிரில் பட்டறையில் வெல்டிங் பிடிக்கக் கற்றாய். தொண்ணூறுகளில் வளைகுடாவுக்குப் போய், ஆர்கான் வெல்டிங் கற்றுக்கொண்டு திரும்பினாய். அந்த வேலையில் வலது கை நெருப்பைப் பிடித்திருக்கும். இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து மெல்லிய கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நெருப்புக்குள் தள்ளிக் கொடுக்க வேண்டும். முகமூடிக்குள்ளிருந்து பார்ப்பது பாதி, விரலில் உணர்வது பாதி. “வலது கை கூலிக்காரன்டா. சம்பாதிக்கிறது இதுங்கதான்” என்று அந்த மூன்று விரல்களையும் என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டுவாய்.

ரஷ்யாவின் வடக்குக் கோடியில் எரிவாயுக் குழாய் பதிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று சென்னை ஏஜென்ட் சொன்னபோது நம் ஊரில் கத்திரி வெயில். தமிழ்நாட்டிலேயே அதிக வெயில் திருத்தணியில் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த வாரம். நீ அரக்கோணத்தில் ஒரு ஐஸ் ஃபேக்டரிக்காரரைப் பிடித்து, பாளங்கள் அடுக்கியிருந்த அறைக்குள் தினமும் போய் உட்கார்ந்து பழகினாய். ஒரு நாள் என்னையும் அழைத்துப் போனாய். பாளம் தள்ளுகிறவன் எட்டிப் பார்த்து, “இன்னா பாய், மீனு மாதிரி படுத்துகினு கீறே? மேல கொஞ்சம் உப்பு தூவட்டுமா?” என்றான். “தூவு. ரஷ்யாக்காரன் வந்து எடை போட்டு எடுத்துகினு போவான்” என்றாய், பல் கிட்டிக்கொண்டே.

முதல் குளிர்காலம் முடிந்து விடுப்பில் வந்தபோது ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் உன்னைச் சுற்றிக் கூட்டம். பருத்தி பனியன் போடக் கூடாது, வேர்வை ஊறி அதுவே ஐஸாகிவிடும் என்று நீ சொன்னதும், “அங்க போயி வேர்க்குமா பாய்?” என்று டீ மாஸ்டர் கேட்டார்.

“வேர்க்கும். அதான் டேஞ்சரே. மெதுவா நடக்கணும், மெதுவா தூக்கணும். அவசரப்பட்டு வேர்த்தவன்தான் முதல்ல விழுவான்.”

இரும்பை வெறுங்கையால் தொட்டால் தோல் இரும்போடு போய்விடும். டீசல் கூழாகிவிடும் என்று வண்டிகளை இரவெல்லாம் ஓடவிட்டிருப்பார்கள். கண் இமைகள் ஒட்டிக்கொள்ளும், தேய்க்கக் கூடாது, உள்ளங்கையால் மூடிக் காத்திருக்க வேண்டும். எப்போதும் இரண்டு பேராகத்தான் வேலை. ஒருவன் முகத்தை மற்றவன் அடிக்கடி பார்த்து, மூக்கிலோ கன்னத்திலோ வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தால் சொல்லி உள்ளே அனுப்ப வேண்டும், பட்டவனுக்கு அது தெரியாது. உன் ஜோடி வாஸ்யா என்ற வயதான ரஷ்யர். “என் வூட்டுக்காரி கூட என் மூஞ்ச இப்படிப் பாத்ததில்லடா” என்றாய். “அவன் என்னைப் பாத்து சொல்லிடுவான். நான் அவனைப் பாத்து இன்னாத்த சொல்றது? மூஞ்சே வெள்ளை. அதுல வெள்ளைப் புள்ளிய எங்க தேடறது?” கடை முழுக்கச் சிரித்தது. எதையும் மறைக்காமல் அப்படிச் சிரிக்க வைக்கிற உன்னை நான் கடைசியாகப் பார்த்தது அந்த மாதம்தான்.

இரண்டாவது குளிர்காலத்தின் நடுவில் இடது கையில் கட்டோடு வந்து இறங்கினாய். யாருக்கும் சொல்லவில்லை. உன் வீட்டு மாடியில், வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு, என்னிடம் மட்டும் சொன்னாய்.

மைனஸ் முப்பதுக்கும் கீழே போன ஒரு நாள். குழாயைச் சுற்றிப் போட்டிருந்த சிறு கூடாரத்தின் ஒரு பக்கத்தைக் காற்று பிய்த்துவிட்டது. பனி உள்ளே வந்து, சூட்டில் உருகி, உன் கையுறையை நனைத்தது. கம்பி தள்ளுவதற்காகப் போடுகிற மெல்லிய தோல் கையுறை. கொஞ்ச நேரத்தில் மூன்று விரல்களும் மரத்துப் போயின. வெல்டிங் பிடிப்பதற்கு முன் அங்கே குழாயின் வாயை நெருப்பால் சுட வைப்பார்கள். நீ கையுறையைக் கழற்றி, அந்தச் சூட்டில் விரல்களை வைத்தாய்.

“வெச்சேன். சூடே தெரியல. சரி, இன்னும் காயல போல இருக்குதுன்னு நெனச்சேன். கொஞ்சம் கிட்ட வெச்சேன். அப்பவும் தெரியல. அழுத்தி வெச்சேன்டா. நாத்தம் வாஸ்யாவுக்குத்தான் முதல்ல வந்துச்சு.”

நாற்காலியை வெயிலுக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “சூட்டைப் பத்தி எனக்கு எவனாவது சொல்லித் தரணுமா? திருத்தணிக்காரன் நானு” என்றாய். அதைச் சிரிப்பாகத்தான் சொல்லப் பார்த்தாய். நான் சிரிக்கவில்லை.

புண் ஆறியது. விரல்கள் போகவில்லை, நகங்கள் கூட மறுபடி முளைத்தன. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாத கை. நுனிகளில் மட்டும் உணர்வில்லை. ஆனால் குளிரை மட்டும் அந்தக் கை விடாமல் கண்டுபிடித்தது. மார்கழிப் பனியில் மணிக்கட்டு வரை குடைச்சல் எடுக்கும். பனி விலகும் வரை நீ வீட்டை விட்டு இறங்கமாட்டாய். தெருவில் விஷயம் தெரியாதவர்கள், “சைபீரியாவுல இருந்துட்டு வந்த ஆளுக்கு நம்ம ஊரு பனி தாங்கலியாம்” என்றார்கள். அவர்களோடு சேர்ந்து நீயும் சிரித்தாய்.

அதே கம்பெனி வளைகுடாவில் வேறொரு வேலைக்கு ஆள் எடுக்கப் போவதாகவும், சென்னையில் வெல்டிங் பிடித்துக் காட்டும் கைத் தேர்வு வைக்கப் போவதாகவும் தெரிந்தபோது உனக்கு உயிர் வந்தது. வெல்டிங் தவிர வேறு தொழில் உனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. விரல்களைப் பழக்கினால் உணர்வு திரும்பும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து, நான் செய்தியை ஃபேக்ஸ் அனுப்பி முடித்த பிறகு, ரயில்வே பிளாட்பாரத்தின் கடைசிப் பெஞ்சில் உட்காருவோம். மலையில் மைக்செட் பாடிக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு இடது கையை என் முழங்கால் மேல் வைப்பாய். நான் பேனா மூடியால் ஒரு விரல் நுனியைத் தொடுவேன். எது என்று நீ சொல்ல வேண்டும்.

முதலில் எல்லாம் தவறு. பிறகு ஒன்றிரண்டு சரி. ஒரு மாதத்தில் பெரும்பாலும் சரியாகச் சொல்ல ஆரம்பித்தாய். “நடு.” “சரி.” “ஆள்காட்டி.” “சரி.” உன் குரலே மாறிவிட்டது. ஒரு மாலை, பக்கத்தில் வேர்க்கடலைக் கூடையோடு தினமும் ரயிலுக்குக் காத்திருக்கிற ஒரு அம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னா ஆட்டம்ங்க இது?”

“விரலு பரிச்சைம்மா. கண்ணை மூடிகினு சொல்லணும்” என்றாய், கண்ணைத் திறக்காமல்.

“இது இன்னா பெரிய பரிச்சை? அவரு தெனமும் ஒரே மாதிரிதானே தொட்டுகினு கீறாரு. கட்டை, நடு, ஆள்காட்டி, மறுக்கா நடு. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.”

நீ கண்ணைத் திறந்தாய். அவளையோ என்னையோ பார்க்கவில்லை, கையைப் பார்த்தாய். பிறகு மூடிக்கொண்டு, “மாத்தித் தொடு” என்றாய். தொட்டேன். தவறு. மறுபடி தொட்டேன். தவறு. ஒரு முறை நான் தொடவே இல்லை. அதற்கும் ஒரு விரலின் பெயரைச் சொன்னாய்.

“நான் வரிசைய வெச்சிகினு சொல்லலடா,” என்றாய். “நெஜமாவே தெரியற மாதிரிதான் இருந்துச்சு.” கடலைக்கார அம்மா ஒரு கை கடலையை உன் மடியில் கொட்டிவிட்டு ரயிலேறினாள்.

தேர்வுக்கு என்னை வரவேண்டாம் என்றாய். அன்று மாலை வண்டியில் திரும்பி வந்தாய், நான் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். “முதல் லேயரே நிக்கலடா. கம்பி எங்க இருக்குதுன்னே தெரியல” என்றாய். அதற்குப் பிறகு நாம் அந்தப் பெஞ்சுக்குப் போகவில்லை.

உன் மச்சானின் பரோட்டாக் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். கல்லில் நிற்கப் போனாய். நெருப்பைத் தவிர வேறெதன் முன்னால் நிற்பது என்று உனக்குத் தெரியவில்லை போலும். கொதிக்கிற கல்லில் பரோட்டாவைத் தோசைத்திருப்பி இல்லாமல் விரலாலேயே புரட்டினாய். எல்லா மாஸ்டர்களும் அப்படிச் செய்வார்கள், ஆனால் அவர்கள் விரல் பட்டதும் பறக்கும். உன் விரல் நிதானமாக நிற்கும். ஜனங்கள் அதைப் பார்க்கவே வந்தார்கள். நகரிப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் வாய் பிளந்து, “இன்னா பாவா, கையா, கரண்டியா இது?” என்று கேட்டார். “ரஷ்யாவுல செஞ்சதுங்க. கம்பெனி ஐட்டம்” என்றாய். அவர் கைதட்டினார். உன் மச்சானுக்கும் பெருமை, கல்லைத் தெருவைப் பார்த்து இழுத்துப் போட்டார். நானும் அங்கே நின்று எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போன நாள். அன்று கடையில் சால்னா கிடையாது, குருமா மட்டும். விடிந்ததிலிருந்து நீ கல்லை விட்டு நகரவில்லை. கை கழுவும்போது உன் மனைவிதான் பார்த்தாள். ஆள்காட்டி விரலின் உள்பக்கம் எலும்பருகே வரை வெந்திருந்தது. எப்போது என்று உனக்குத் தெரியவில்லை. மஞ்சளும் களிம்புமாகச் சில நாள் போனது. டாக்டரிடம் போனபோதுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. சென்னைக்கு அனுப்பினார்கள். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு மற்ற இரண்டையும். அதற்குள் புண்ணின் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது.

நான் வார்டுக்கு வந்தபோது உன் மனைவி முகம் தெளிந்து இருந்தாள். “அண்ணா, கையி, காலு எதுவும் வலிக்கலன்னு சொல்றாருண்ணா. நேத்தெல்லாம் கத்திகினு இருந்தாரு. நல்லதுதானே அண்ணா?”

“ஆங், நல்லதும்மா” என்றேன்.

அவள் டீ வாங்கக் கீழே போனதும் நீ கண்ணைத் திறந்தாய். “வாஸ்யா சொல்வான்டா. வலிக்கிற வரைக்கும் அது உன்னுது. வலி நின்னு, இதமா இருக்குதுன்னு தோணிச்சுன்னா அப்பதான் பயப்படணும்னு.” மூச்சு வாங்கியது. “இவகிட்ட சொல்லாத. அவ டீ குடிக்கட்டும்.”

நான் சொல்லவில்லை. அவள் வந்தாள், பிளாஸ்க்கிலிருந்து எனக்கும் ஊற்றினாள், உனக்கு ஒரு ஸ்பூனில் கொடுத்தாள். மறுநாள் மதியம் நீ போய்விட்டாய்.

அதன் பிறகு வந்த வருடங்களில் சென்னை வண்டியிலிருந்து ஜனங்கள் இறங்கும் நேரத்தில் நான் அந்தப் பிளாட்பாரத்தில் நிற்க நேர்ந்தால் நெஞ்சில் ஏதோ இறுகும். வேலை நிமித்தம் அங்கே போகாமல் முடியாது என்பதால் அதற்குப் பழகியிருந்தேன். அந்த இறுக்கம்தான் எனக்கு உன்னிடமிருந்து மிச்சமிருந்தது. இந்த வாரம் ஒரு மாலை அந்த வண்டி வந்தது. இறங்கியவர்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சை ஒன்றும் செய்யவில்லை. காற்று கூட இதமாக இருந்தது. வீட்டுக்குப் பாதி தூரம் வந்த பிறகுதான் பயம் வந்தது.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்கேயாவது ஒரு வரியில் வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன்.