தலைவரின் மணிக்கூடு

ஆடி 14, புதன்

நினைக்கவே அருவருப்பாக இருக்கிறது.

உருத்திரபுரத்தில் மழை குறைந்த ஒவ்வொரு சிறுபோகமும் வயலுக்கு வயல் நேரம் பிரித்து விடும் முறைத்தண்ணீருக்குச் சண்டை. யாருடைய மணிக்கூட்டை நம்பி வாய்க்கால் மதகான துருசைத் திறப்பது என்பதே தகராறு. தொழில்நுட்ப ஆசிரியை மலர்விழி உள்ளங்கையளவு மலிவுக் கணினி ஒன்றில் ஜிபிஎஸ் அன்டெனாவைப் பூட்டினார். செய்மதி தரும் நேரம் அதிலிருந்து மூன்று துருசு மணிக்கூடுகளுக்கும் வைஃபையில் போனது. ஒரு மாதம் மூன்றும் ஒன்றாக ஓடின. வாய்க்காலின் கடைசி வயல்களுக்கும் முழுத் தண்ணீர் கிடைத்தது. விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவரின் வயல் அதுவரை முறைக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் குடித்ததும் தெரிந்தது.

இன்று செய்தி எடுக்கப் போனபோது அன்டெனாவைத் தகரத்தால் மூடியிருந்தார்கள்.

“வானம் தெரியாட்டி அது நேரம் எடுக்காது, ஐயா” என்றார் மலர்விழி.

“வெயிலில பழுதாப்போகும், டீச்சர்” என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது. இனி அவரது கைமணிக்கூடே போதும் என்று கைகள் உயர்ந்தன. கடைசி வயல்காரரும் உயர்த்தினார்கள். உழுவதற்கு அவரது உழவு இயந்திரம் வேண்டுமே.

மூன்று மணிக்குக் கடைசி வயல்காரி ராசம்மாவின் முறை. அவரது பயிர் கருகத் தொடங்கிவிட்டது.

“மூணு தாண்டி இருபது நிமிசமாச்சுங்க.”

“என்ர மணிக்கூட்டில இன்னும் மூண்டாகேல்லை. நிருபர் ஐயாவைக் கேட்டுப்பார்.”

தலைவர் வாங்கித் தந்த தேநீர் என் கையில் இருந்தது. கைபேசியைப் பார்த்தேன். மூன்று இருபது.

“அது உங்கட அமைப்பின்ர விசயம்” என்றேன்.